மூளை ஸ்கேனில் கார்டெக்ஸ் அடுக்குகளுக்கு இடையிலான இணைப்பைப் பார்க்க முடியுமா?

மூளை வேலை செய்யும்போது ரத்தத்தில் ஏற்படும் மாற்றத்தைப் படமெடுக்கும் எஃப்எம்ஆர்ஐ ஸ்கேன் எடுத்தால், மூளையின் வெளிப்புற உறையான கார்டெக்ஸின் ஆறு அடுக்குகளும் எப்படித் தொடர்பு கொள்கின்றன என்று தெரியுமா எனக் கேட்டிருக்கிறீர்கள். ஆராய்ச்சிக்கு விண்ணப்பிக்கும் மாணவர் என்று நினைத்து எழுதுகிறேன். வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் கேட்டிருந்தால், இதற்காகக் காசைக் கொட்டாதீர்கள். அடுக்கு பார்க்கும் இது சிகிச்சைக்கு எடுக்கும் ஸ்கேன் இல்லை.

இணைப்பை நேரடியாகப் பார்க்க முடியாது, ஊகிக்கலாம். கார்டெக்ஸின் மொத்தத் தடிமனே 2 முதல் 4 மில்லிமீட்டர்தான். 3 டெஸ்லா காந்த வலிமையில் வழக்கமாக எடுக்கும் எஃப்எம்ஆர்ஐயில் ஒரு புள்ளியே 2, 3 மில்லிமீட்டர் இருக்கும். எல்லா அடுக்கும் அதற்குள் போய்விடும். 7 டெஸ்லாவில் 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு இறங்கலாம். அப்போதும் மேல், நடு, அடி என்று பிரித்துக் காட்டினாலே பெரிய விஷயம்.

இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. கோத்தகிரிக்காரன் நான், நெதர்லாந்தின் மாஸ்டிரிக்டில் படித்தபோது 7 டெஸ்லா ஸ்கேனருக்குள் படுத்தவன். படுக்கை உள்ளே நகரும்போது, எங்கள் மலைப்பாதையின் குஞ்சப்பனை வளைவுகளில் பஸ்ஸின் கடைசி சீட்டில் உட்கார்ந்த மாதிரி தலை சுற்றும். காந்தப்புலம் உள்காதுத் திரவத்தைத் தள்ளுவதால் வருவது அது. கூடப் படித்தவர்கள் முகம் வெளுத்து வெளியே வந்தார்கள், எனக்குப் பழக்கம்தானே! உள்ளே கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் தட்டிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை.

ஏன் விரல்? 2017இல் வந்த ஒரு ஆய்வில், நாமே விரலைத் தட்டும்போது உடலை அசைக்கும் பகுதியான இயக்கக் கார்டெக்ஸின் மேல், அடி இரண்டு பகுதியிலும் செயல்பாடு தெரிந்தது. விரலை வேறொன்று வருடும்போது மேலே மட்டும். தண்டுவடத்துக்குக் கட்டளை அனுப்பும் பெரிய செல்கள் ஐந்தாம் அடுக்கில் இருப்பது நுண்ணோக்கி காலத்திலேயே தெரியும். இரண்டையும் சேர்த்துத்தான் மேலே உள்வரவு, அடியில் வெளியேற்றம் என்கிறார்கள்.

அந்த ஆய்வைச் செய்ததும் ரத்தக் கன அளவை அளக்கும் வாசோ என்ற எஃப்எம்ஆர்ஐ முறையில். ரத்தத்தின் ஆக்சிஜன் மாற்றத்தைப் பார்க்கும் சாதாரண போல்ட் முறையில், அடியிலிருந்து மேலே ஏறும் சிரைகளால் மேலடுக்கு எப்போதும் பளிச்சென்று காட்டும். "போல்டிலும் திருத்தம் செய்யலாமே" என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: செய்யலாம், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

சரி, 7 டெஸ்லா கிடக்கட்டும். போன மே மாதம் பாட்டியைச் சாதாரண எம்ஆர்ஐ எடுக்கக் கோவைக்குக் கூட்டிப் போனோம். சீசனில் ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டிகளை எங்கள் கோத்தகிரி ரோட்டில்தான் திருப்பி விடுகிறார்கள். வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தும் ஒன்றும் குறையவில்லை. நடுரோட்டில் காரை நிறுத்திக் குரங்குக்குச் சிப்ஸ் போடுகிறார்கள், ஹாரன் அடித்தால் முறைக்கிறார்கள். போய்ச் சேர்வதற்குள் எங்கள் நேரம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.