மருத்துவர் பதில்கள்: மூன்றாம் சுற்று வேண்டுமா?

கேள்வி: கோலாலம்பூரில் ஓர் அரசு மருத்துவமனையில் எலும்பியல் அறுவை சிகிச்சை முதுநிலைப் பயிற்சியின் இறுதியாண்டில் இருக்கிறேன். அமெரிக்க வாரியத் தேர்வுக்கான வினாத்தொகுப்பு ஒன்றுக்குச் சந்தா கட்டி, ஈராயிரம் வினாக்களை இரண்டு சுற்று முடித்துவிட்டேன். இரண்டாம் சுற்றில் நூற்றுக்கு 85 வந்தது. துறையின் மாதிரித் தேர்விலோ 52தான். மூன்றாம் சுற்று போகலாமா, ஐயா?
- வாசகர், பிரிக்ஃபீல்ட்ஸ்

பதில்: வேண்டாம், தம்பி. அந்த 85இல் பெரும்பகுதி, வினாவின் முதல் வரியைக் கண்டதுமே விடை நினைவுக்கு வந்ததால் கிடைத்தது.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்த ஆறு வயதுச் சிறுவனுக்கு முழங்கை வீங்கியிருக்கிறது. எக்ஸ்ரேயில் சுப்ராகாண்டைலர் முறிவு, அதாவது மேற்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறிந்திருக்கிறது. கட்டைவிரல் நுனியையும் ஆள்காட்டி விரல் நுனியையும் சேர்த்து வட்டமிட அவனால் இயலவில்லை. பாதிக்கப்பட்ட நரம்பு ஆன்டீரியர் இன்டராசியஸ் என்று நீங்கள் தூக்கத்திலும் சொல்வீர்கள். முறிந்த கீழ்த்துண்டு பின்புறமாகவும் உட்புறமாகவும் விலகியிருந்தால் எந்த நரம்புக்கு ஆபத்து அதிகம்? ரேடியல். பின்புறமாகவும் வெளிப்புறமாகவும் விலகியிருந்தால்? மீடியன் நரம்புக்கும் பிரேக்கியல் தமனிக்கும். கை வெளுத்து, நாடியும் இல்லாதிருந்தால்? ஆஞ்சியோகிராமுக்காகக் காத்திராமல் உடனே அறுவை அரங்குக்குக் கொண்டுசென்று எலும்பை நேராக்க வேண்டும். ஒரே சிறுவன், ஒரே முழங்கை. ஒரு சொல் மாறினால் விடையும் மாறுகிறது. மாதிரித் தேர்வில் உங்களைச் சறுக்க வைத்ததும் அநேகமாக இப்படி மாறிய ஒரு சொல்லாகத்தான் இருக்கும்.

ஆகவே நாளொன்றுக்கு நூறு வினாக்களை ஓட்டுவதைவிட, நீங்கள் இதுவரை பார்த்திராத இருபதை எடுத்து, தவறான நான்கு விடைகளும் ஏன் தவறு, எந்த நோயாளிக்கு அவை சரியாகும் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி எழுதுங்கள். சலிப்பூட்டும் வேலைதான். தவறியவற்றைக் குறிப்பேட்டில் மூன்றாகப் பிரியுங்கள்: அறியாதது, அறிந்தும் குழம்பியது, வினாவைச் சரியாகப் படிக்காதது. முதல் வகைக்குப் பாடநூல் போதும். கடைசி வகை பாதிக்கு மேல் இருந்தால், உங்களுக்குக் குறைவது படிப்பன்று, நிதானம்.

வினாப் பயிற்சியையே கைவிடச் சொல்வதாக எண்ண வேண்டாம். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியை மீண்டும் மீண்டும் படித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோதோ, படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களே முந்தினார்கள். விடை நினைவில் இல்லாதபோது அதைத் தேடி எடுக்கும் உழைப்பே பயன் தருகிறது. மூன்றாம் சுற்றில் உங்களுக்கு அந்த உழைப்பு மிச்சமிராது.

இன்னொன்று. அமெரிக்க வாரியத்தின் முதற்பகுதி கணினியில் எழுதும் பல்தேர்வு வினாக்கள் மட்டுமே; உங்கள் தொகுப்பு அதற்கெனச் செய்யப்பட்டது. அங்கேயும் இரண்டாம் பகுதியில் மருத்துவர் தாம் அறுவை செய்த நோயாளிகளைப் பற்றித் தேர்வாளர்முன் வாய்மொழியாகவே விளக்க வேண்டும். நம் நாட்டு முதுநிலைத் தேர்விலோ எழுத்துத் தாளோடு நோயாளியைப் பரிசோதிப்பதும் வாய்மொழித் தேர்வும் உண்டு. வாய்மொழித் தேர்வில் விடைகளை நீட்டி ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல மாட்டார்கள். நான் முதன்முறை தவறியது அங்கேதான்: மோட்டார் சைக்கிள் விபத்தில் கணுக்காலுக்கு மேல் எலும்பு வெளியே தெரியும் நோயாளி; இத்தகைய திறந்த முறிவுகளைத் தரம்பிரிக்கும் கஸ்டிலோ வகைப்பாடு முழுவதையும் ஒப்பித்துவிட்டு, ஆன்டிபயாடிக் ஊசியை எப்போது போடுவீர்கள் என்று கேட்டபோது வாயடைத்து நின்றேன். வந்தவுடன் என்ற ஒரு சொல் போதுமாயிருந்தது.

அதனால் வாரத்தில் இரண்டு மாலை உடன்பயிலும் ஒருவரை எதிரே அமர்த்தி, விடைகளை மறைத்துவிட்டு, வினாவை மட்டும் வாசிக்கச் சொல்லி வாய்திறந்து பதில் சொல்லுங்கள். இரவுப் பணி முடிந்த காலையில் எடுக்கும் மதிப்பெண்ணைக் குறிப்பேட்டில் ஏற்ற வேண்டாம், அன்று உறங்குங்கள்.