வண்டி கேள்வி-பதில்: டைட்டான செயினும் மீதமான கார் ஆயிலும்

கேள்வி: என் 100 சிசி பைக்கில் செயின் சளசளவென்று சத்தம் போட்டது. நானே டைட் பண்ணினேன். இப்போது ஓடும்போது ஊளையிடுவது போல ஒரு சத்தம். இன்னும் கொஞ்சம் டைட் பண்ணலாமா? (வாசகர், தேனி)

பதில்: ஐயோ வேண்டாம், லூஸ் பண்ணுங்கள்! லூஸ் செயின் சளசளக்கும், ரொம்ப லூஸானால் கழன்று விழும், அது ஆபத்துதான். ஆனால் ஓவர் டைட்டும் லேசுப்பட்டதில்லை. பின்னால் ஆள் உட்கார்ந்து வண்டி ஒரு பள்ளத்தில் இறங்கினால் ஸ்விங் ஆர்ம் (பின் வீலைத் தாங்கும் கை) மேலே ஏறும், செயின் ஓடும் இரண்டு பல்சக்கரத்துக்கும், அதாவது ஸ்ப்ராக்கெட்டுக்கும், நடுவே தூரம் கூடும், ஏற்கெனவே விறைப்பாக நிற்கும் செயின் அப்போது கியர்பாக்ஸ் பேரிங்கையும் வீல் பேரிங்கையும் பிடித்து இழுக்கும். செலவு எங்கே போய் நிற்கும் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

இன்ஜினை ஆஃப் பண்ணி, நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்ட் போடுங்கள். கீழ்ப்பக்கச் செயினை நடுவில் விரலால் மேலும் கீழும் ஆட்டினால் மொத்த ஆட்டம் இந்த சைஸ் வண்டிகளில் பொதுவாக 20 முதல் 30 மில்லிமீட்டர் இருக்கும், சரியான அளவு மேனுவலில் போட்டிருக்கும். ஒரே இடத்தில் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். வீலைச் சுற்றிச் சுற்றி நாலைந்து இடத்தில் பாருங்கள், அதிகம் டைட்டாக இருக்கும் இடம்தான் கணக்கு. இடத்துக்கு இடம் பெரிய வித்தியாசம் என்றால் செயின் தேய்ந்துவிட்டது, செயின் ஸ்ப்ராக்கெட் செட்டாகவே மாற்றிவிடுங்கள். ஆக்சில் நட்டை லூஸ் பண்ணி அட்ஜஸ்டரைத் திருகும்போது வீலின் இரண்டு பக்கமும் உள்ள அளவுக் கோடுகள் சமமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வீல் கோணலாக உட்காரும். வீல் நகர்ந்ததால் டிரம் பிரேக் ராடும் மாறியிருக்கும், பெடல் ஆட்டத்தையும் கையோடு சரிபார்த்துவிடுங்கள், இதைத்தான் நிறைய பேர் மறக்கிறார்கள். அப்புறம், கியர் போட்டு வீலை ஓடவிட்டுத் துணியால் செயினைத் துடைக்கும் வேலை மட்டும் வேண்டவே வேண்டாம், விரல் போய்விடும்.

கேள்வி: காருக்கு வாங்கிய இன்ஜின் ஆயிலில் ஒரு லிட்டர் மீதி இருக்கிறது. பைக்குக்கு ஊற்றலாமா? (வாசகர், திருப்பூர்)

பதில்: கூடாது. கியர் பைக்குகளில் பெரும்பாலும் கிளட்ச் பிளேட்டும் அதே ஆயிலில்தான் நனைந்து ஓடுகிறது. கார் ஆயில் பலவற்றில் உராய்வைக் குறைக்கும் சரக்கு கலந்திருக்கும், இன்ஜினுக்கு நல்லது, கிளட்சுக்கு எமன். கிளட்ச் வழுக்கும், ஆக்சிலரேட்டர் முறுக்கினால் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. டப்பாவில் ஜேஏஎஸ்ஓ (JASO) என்ற தர முத்திரையோடு எம்ஏ (MA) அல்லது எம்ஏ2 (MA2) என்று இருப்பதை வாங்குங்கள். எம்பி (MB) என்றிருந்தால் அது கியர் இல்லாத ஸ்கூட்டருக்கு. மீதி ஆயிலை வீட்டு கேட் கீலுக்கு விடுங்கள்.

கேள்வி: பைக்கில் கார் ஹாரன் ஒரு ஜோடி மாட்ட ஆசை. பழைய வயரிலேயே இணைக்கலாமா? (வாசகர், கரூர்)

பதில்: ரிலே (சின்ன கரண்டில் பெரிய கரண்டை ஆன் பண்ணும் சுவிட்ச்) இல்லாமல் வேண்டாம். அந்த ஹாரன்கள் இழுக்கும் கரண்டுக்கு உங்கள் ஹாரன் சுவிட்சும் மெல்லிய வயரும் தாங்காது. பழைய ஹாரனுக்கு வந்த இரண்டு வயரும் ரிலேயில் 85, 86 என்று எண் போட்ட பின்களுக்கு. பேட்டரி பாசிட்டிவிலிருந்து தனி ஃபியூஸ் வழியாக 30-ஆம் பின்னுக்கு. 87-ஆம் பின்னிலிருந்து ஹாரனுக்கு, ஹாரனின் மறுமுனை எர்த்துக்கு. ஃபியூஸை பேட்டரி பக்கத்திலேயே வையுங்கள். பல ஸ்வரத்தில் பாடும் ஹாரன் மட்டும் வாங்காதீர்கள், சட்டப்படி அதற்கு அனுமதி கிடையாது.