வாசகர் கேள்வி பதில்: டார்கீ ஊர் ஹோட்டல்காரர்

போன இதழ்ல ஏதோ போற போக்குல "ஃபால்ட்டி டவர்ஸ்" பத்தி நாலு வரி எழுதினேன், அதுக்கு வந்த லெட்டரையும் மெசேஜையும் பாத்து ஆசிரியரே அசந்துட்டார், "இந்த வாரம் பூரா அதையே வெச்சு ஓட்டிடுங்க"ன்னுட்டார். தெரியாதவங்களுக்கு ஒரு வார்த்தை: 1975லயும் 1979லயும் பிபிசியோட ரெண்டாவது சேனல்ல வந்த பிரிட்டிஷ் காமெடி தொடர் இது. இங்கிலாந்து தெற்குக் கடற்கரையில டார்கீன்னு ஒரு ஊரு, அங்க பேசில் ஃபால்ட்டின்னு ஒரு நெட்டை மனுஷன் பொண்டாட்டி சிபிலோட சேந்து ஒரு சின்ன ஹோட்டல் நடத்துறார், ஆனா தங்க வர்றவங்களைக் கண்டாலே அவருக்கு ஆகாது. அவ்ளோதான் கதை.

கே: பேசில் மாதிரி ஒரு ஆளு நேர்ல வந்தா நாலு வார்த்தை நறுக்குன்னு கேட்டுட்டுதான் மறுவேலை பாப்பேன். ஆனா டிவியில பாக்கும்போது மட்டும் அந்தாளு மேல ஒரு பாசம் வருது, இது என்ன சார் வியாதி? (ஈரோடு வாசகி)

ப: வியாதி எல்லாம் இல்லம்மா, அந்தாளு ஒரு தடவைகூட ஜெயிக்க மாட்டார், அதான் விஷயம். இதே திமிரு, இதே பொய்யி, இதே பெரிய மனுஷங்க முன்னாடி குழையுற புத்தி இருக்குற ஒருத்தன் ஜெயிச்சான்னா அவன் வில்லன், ஒவ்வொரு தடவையும் குப்புற விழுந்தான்னா நம்ம வீட்டுப் பிள்ளை. முதல் எபிசோடையே எடுத்துக்குங்க, யாரோ ஒரு பிரபு வந்திருக்கார்னு நெனச்சு, ஜன்னலோரமா நிம்மதியா சாப்பிட்டுட்டு இருந்த குடும்பத்தை எழுப்பி வேற டேபிளுக்கு தள்ளிட்டு அவரை உக்கார வெப்பார், கடைசியில பாத்தா அந்த பிரபு பக்கா ஃப்ராடு, பாதுகாப்பா வெச்சிருங்கன்னு குடுத்த பெட்டிக்குள்ள செங்கல்லு. அந்த நிமிஷம் பேசிலா நடிச்ச ஜான் கிளீஸ் மூஞ்சியைப் பாக்கணுமே!

இன்னொண்ணும் இருக்கு. நாம எல்லாரும் மனசுக்குள்ள நெனச்சு முழுங்குறதை அவர் செஞ்சுடுவார். கார் சீன் இல்லாத லெட்டரே அபூர்வம், பத்துக்கு எட்டு பேர் அதைத்தான் எழுதியிருக்கீங்க. ஹோட்டல்ல பெரிய விருந்து, சமையல்காரன் குடிச்சுட்டு மட்டையாயிட்டான், வாத்துக் கறி எடுத்துட்டு வர பேசில் காரை எடுத்துட்டு ஓடுறார், நடுவழியில கார் நின்னு போச்சு. முதல்ல கெஞ்சுறார், அப்புறம் மிரட்டுறார், மூணு எண்ணுவேன்னு வார்னிங் குடுத்து நெஜமாவே எண்ணுறார். அப்புறம் விறுவிறுன்னு ஃப்ரேமை விட்டு வெளிய போயிடுவார். சில விநாடி திரையில அந்த சின்ன சிவப்பு கார் மட்டும் அம்போன்னு நிக்கும், ஒரு ஆளு கிடையாது, அந்த காலி இடத்துலதான் நமக்கு சிரிப்பு பொங்க ஆரம்பிக்கும், ஏன்னா என்னமோ வரப்போவுதுன்னு தெரியும், என்னன்னு தெரியாது. ஒரு மரக்கிளையோட திரும்பி வந்து காரைப் போட்டு வெளுப்பார். அந்தக் கிளையை அடுத்த தடவை கவனிங்க, உருட்டுக்கட்டை இல்ல, இலையோட வளையுற கிளை. உருட்டுக்கட்டையா இருந்திருந்தா பாக்குறவங்களுக்கு பயம் வந்திருக்கும், இதுல காருக்கு ஒரு கீறல் விழுமான்னே சந்தேகம், மனுஷனுக்குத்தான் மூச்சு வாங்கும்.

கே: இது நெஜமா நடந்த கதைன்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தர் அடிச்சு சொல்றார். பெட் கட்டியிருக்கோம். (அம்பத்தூர்)

ப: கதை நடக்கல, ஆளு இருந்தார். 1970ல ஜான் கிளீஸ் இருந்த மோன்ட்டி பைத்தன்ங்கிற காமெடி குரூப்பு ஷூட்டிங்குக்காக டார்கீ போய் க்ளென்ஈகிள்ஸ்னு ஒரு ஹோட்டல்ல தங்குனாங்க, ஓனர் பேரு டொனால்ட் சின்க்ளேர், கடற்படையில இருந்து வந்தவர். குரூப்ல இருந்த அமெரிக்கக்காரர் டெரி கில்லியம் கத்தியும் முள்கரண்டியும் பிடிச்ச விதம் சரியில்லன்னு சாப்பாட்டு மேஜையிலயே குறை சொன்னாராம். குரூப்ல இன்னொருத்தரான எரிக் ஐடில் விட்டுட்டுப் போன பெட்டிக்குள்ள அலாரம் கடிகாரம் டிக்டிக்னு சத்தம் போட்டதைக் கேட்டு, வெடிகுண்டா இருக்குமோன்னு தூக்கிட்டு போயி வெளிய சுவத்துக்கு அந்தப்பக்கம் வெச்சுட்டாராம். டவுனுக்கு அடுத்த பஸ் எப்போன்னு கேட்ட ஒருத்தர் மேல டைம்டேபிளை விட்டு எறிஞ்சாராம். மத்தவங்க எல்லாம் ஆள விடுப்பான்னு வேற ஹோட்டலுக்கு மூட்டை கட்டிட்டாங்க, ஜான் கிளீஸ் மட்டும் நகரவே இல்ல, அப்ப அவரோட மனைவியா இருந்த கானி பூத்தும் வந்து சேந்துக்கிட்டாங்க. ரெண்டு பேரும் சேந்து எழுதினதுதான் இந்தத் தொடர், அதுல வர்ற வேலைக்காரப் பொண்ணு பாலி இந்த கானி பூத்துதான்.

இதுல ஒரு நியாயமும் சொல்லணும். ரொம்ப வருஷம் கழிச்சு அந்த ஓனரோட மனைவி, என் வீட்டுக்காரர் அப்படிப்பட்டவரே இல்லன்னு வருத்தப்பட்டு பேசினாங்க. ஒரு மனுஷன் நாலு நாள் கடுகடுன்னு இருந்ததை உலகமே அம்பது வருஷமா சிரிச்சுட்டு இருந்தா வீட்டுல இருக்கறவங்களுக்கு கஷ்டமாத்தான் இருக்கும். அந்த ஹோட்டல் இப்ப இல்ல, இடிச்சுட்டு வயசானவங்களுக்கு ஃப்ளாட் கட்டிட்டாங்க. டிவியில வெளிப்புறமா காட்டுற கட்டடம் டார்கீலயே இல்ல, அது பக்கிங்ஹாம்ஷயர் பக்கம் இருந்த ஒரு கிளப்பு, அதுவும் 1991ல தீப்பிடிச்சு போச்சு. பெட்டுல ஆளுக்குப் பாதி பிரிச்சுக்குங்க.

கே: மானுவேல்! மானுவேல்! மானுவேல்! இதுக்கு மேல எனக்கு எழுதத் தெரியல. (பாளையங்கோட்டை கல்லூரி மாணவர்)

ப: புரியுது தம்பி. இங்கிலீஷ் அரைகுறை, எது சொன்னாலும் ஸ்பானிஷ்ல "கே?" (என்ன?)ன்னு முழிக்கிற பார்சிலோனா வெயிட்டர். நடிச்ச ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரரே கிடையாது, 1930ல பெர்லின்ல பொறந்தவர், அப்பா யூதர், நாஜிகளுக்கு தப்பிச்சு 1938ல குடும்பமே லண்டன் வந்துருச்சு. மொழி தெரியாத ஊர்ல திருதிருன்னு முழிக்கிறது என்னன்னு அவருக்கு யாரும் சொல்லிக்குடுக்க வேண்டியிருந்திருக்காது.

அவர் பட்ட அடியும் பாதி நெஜம். ஒரு எபிசோட்ல கிளீஸ் சட்டியால மண்டையில போட்டது கொஞ்சம் பலமாவே விழுந்து மனுஷனுக்கு தலை கிறுகிறுத்துப் போச்சு. இன்னொண்ணுல சமையல்கட்டு தீப்பிடிச்சு அவர் புகையோட ஓடி வரணும், கோட்டுல புகை வர்றதுக்கு தடவுன கெமிக்கல் உள்ள எறங்கி தோல் வெந்து போச்சு. இதை எல்லாம் தெரிஞ்சுக்கிட்டு பாத்தா சிரிப்பு கொஞ்சம் குறையும்னு நெனச்சேன், குறையவே இல்ல, மரியாதைதான் கூடுச்சு.

ஸ்பெயின்ல டப் பண்ணும்போது என்ன பண்ணாங்க தெரியுமா, மானுவேலை இத்தாலிக்காரரா மாத்தி பாவ்லோன்னு பேரு வெச்சுட்டாங்க! பார்சிலோனா இருக்குற கட்டலோனியா பக்கம் மெக்சிகோக்காரரா ஆக்கிட்டாங்க. நம்மூர் ஆளு கேனையன் இல்லப்பா, வேற நாட்டுக்காரன்தான்.

கே: பேத்தியோட உக்காந்து "ஜெர்மன்ஸ்" எபிசோட் பாத்தேன். அந்த மேஜர் கிழவர் நம்ம இந்தியர்களைப் பத்தி ஒரு கேவலமான வார்த்தை சொன்னார். பேத்தி திரும்பி "இதுக்கா தாத்தா சிரிக்கிறீங்க"ன்னா. பதில் சொல்லத் தெரியல. (ஸ்ரீரங்கம்)

ப: நல்ல பேத்தி. அந்த சீன் இதுதான்: ஹோட்டல்லயே குடியிருக்குற ரிட்டயர்ட் மேஜர், ஒரு காலத்துல ஒரு பொண்ணை ஓவல் மைதானத்துக்கு இந்தியா மேட்ச் பாக்க கூட்டிட்டு போன கதையை ஆரம்பிப்பார். அந்தப் பொண்ணு இந்தியர்களை ஒரு இழிசொல்லால சொல்லிட்டே இருந்துச்சாம், மேஜர் அவளைத் திருத்துறாராம், இல்லம்மா, அது வெஸ்ட் இண்டீஸ்காரங்களுக்கு உள்ள வார்த்தை, இந்தியாக்காரங்களுக்கு வேற ஒண்ணு இருக்குன்னு. அதாவது அவமானப்படுத்துறதுலயும் இலக்கணம் சுத்தமா இருக்கணுமாம் அய்யாவுக்கு. சாம்ராஜ்யம் போயி எத்தனையோ வருஷம் ஆச்சு, இவர் இன்னும் எங்கயோ நிக்கிறார்னு அந்தாளைப் பாத்துதான் அங்க சிரிக்கணும், எழுதினவங்க நோக்கமும் அதுதான்.

ஆனா ஸ்டுடியோவுல உக்காந்து சிரிச்ச கூட்டத்துல எத்தனை பேர் மேஜரைப் பாத்து சிரிச்சாங்க, எத்தனை பேர் மேஜரோட சேந்து சிரிச்சாங்கன்னு யார் கண்டா? 2020ல யூகேடிவிங்கிற பிரிட்டிஷ் டிவி கம்பெனி இந்த எபிசோடை தளத்துலருந்து எடுத்துட்டு, சத்தம் கெளம்பினதும் ஒரு எச்சரிக்கையோட திரும்பப் போட்டாங்க. எனக்கு அது சரியாத்தான் படுது, எடுக்கறதைவிட சொல்லிட்டு காட்டுறது மேல். பேத்திகிட்ட சொல்லுங்க, அதே எபிசோட்ல மண்டையில அடிபட்ட பேசில், ஜெர்மன்காரங்க முன்னாடி போரைப் பத்தி பேசாதீங்கன்னு எல்லாருக்கும் சொல்லிட்டு, வாயைத் திறந்தா போரைத் தவிர வேற ஒண்ணும் பேச மாட்டார், கடைசியில ஹிட்லர் நடை வேற நடந்து காட்டுவார். அவமானம் யாருக்கு, ஜெர்மன்காரங்களுக்கா? அவங்க பாவம் சாப்பிட வந்தவங்க.

கே: வெறும் 12 எபிசோட்தானா? எங்க வீட்டுல ஓடுற மெகா சீரியல்ல 12 எபிசோட்ல ஹீரோயின் மாடிப்படியே ஏறி முடிக்க மாட்டா. (திருப்பூர்)

ப: சாரே, 12தான். 75ல ஆறு, 79ல ஆறு, அதுலயும் கடைசி எபிசோட் ஸ்ட்ரைக்கால தள்ளிப்போயி அந்த வருஷம் அக்டோபர்லதான் வந்துச்சு. ஒரு ஸ்கிரிப்டுக்கு ஆறு வாரம் உக்காந்து எழுதினாங்க. மத்த அரைமணி காமெடிகளோட ஒப்பிட்டா பக்கம் கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, அதான் எல்லாரும் அந்த ஓட்டம் ஓடுறாங்க. நடுவுல கிளீசும் பூத்தும் விவாகரத்தும் வாங்கிட்டாங்க, 1978ல. வாங்கியும் ரெண்டாவது சீசன்ல சேந்து நடிச்சாங்க, எழுத்துல ஒரு இடத்துல கூட அந்தக் கசப்பு தெரியாது. கானி பூத் அப்புறம் நடிப்பையே விட்டுட்டு மனநல சிகிச்சை பக்கம் போயிட்டாங்க. பேசில்கூட அத்தனை நாள் குப்பை கொட்டினவங்களுக்கு அது ஒண்ணும் பெரிய விஷயமா இருந்திருக்காது.

இதுல தமாஷ் என்னன்னா, முதல் ஸ்கிரிப்டைப் படிச்ச பிபிசி ஆளு ஒருத்தர், இது அரைச்ச மாவு, படுதோல்வியாத்தான் போகும்னு மெமோ எழுதி வெச்சார். இன்னொரு பெரிய தலை, கதையை ஹோட்டலை விட்டு வெளிய கொண்டு வாங்கன்னு யோசனை சொன்னார். வெளிய வந்திருந்தா தொலைஞ்சுது, கதவை சாத்தின வீட்டுக்குள்ளதான் பொய்க்கு மேல பொய் சொல்லி மாட்ட முடியும். 2000ல பிரிட்டிஷ் ஃபிலிம் இன்ஸ்டிட்யூட் நூறு சிறந்த டிவி நிகழ்ச்சி பட்டியல் போட்டப்போ முதல் இடமே இதுக்குத்தான்.

கே: எல்லாரும் பேசிலைக் கொண்டாடுறீங்க, அந்த ஹோட்டலை நெஜமா நடத்துறது சிபில்தானே? (நாகர்கோவில் இல்லத்தரசி)

ப: நூத்துக்கு நூறு. நகத்துக்கு பாலிஷ் போட்டுட்டே, போன்ல "ஐ நோ... ஐ நோ..."ன்னு தோழிக்கு இழுத்து இழுத்து பதில் சொல்லிட்டே, ஹோட்டல் கணக்கு வழக்கு பூராவும் பாத்துப்பாங்க. "பேசில்!"னு அவங்க ஒரு குரல் குடுத்தா ஆறடி அஞ்சு அங்குல மனுஷன் நாலடியா சுருங்கிடுவார். சிபிலா நடிச்ச ப்ருனெல்லா ஸ்கேல்ஸ் வயசான காலத்துல கணவர் டிமதி வெஸ்ட்டோட கால்வாய்ல படகு ஓட்டிட்டு போற நிகழ்ச்சி ஒண்ணு பண்ணாங்க, ஞாபகம் தப்பிட்டு வந்த நேரத்துலயும் அவ்ளோ கலகலப்பு. 2025ல காலமானாங்க. சிபில் இல்லாட்டி ரெண்டாவது எபிசோட்லயே ஹோட்டலை இழுத்து மூடியிருப்பாங்க.

கே: கிரேசி மோகன் நாடகம் மாதிரியா? (மாம்பலம்)

ப: ஒரு பொய்யை மறைக்க ஒம்பது பொய், தப்பான நேரத்துல தப்பான ஆளு கதவைத் திறக்கறது, அது வரைக்கும் ஒரே குடும்பம். ஆனா மோகன்ல யார் மேலயும் யாருக்கும் கோவமே கிடையாது, இங்க கோவம்தான் பெட்ரோலே.

கே: வேற யாரும் இதை ரீமேக் பண்ணலையா? (சேலம்)

ப: அமெரிக்காவுல மூணு தடவை கை வெச்சாங்க, மூணும் தேறல. அதுல 1983ல வந்த "அமாண்டாஸ்"ல பேசில் கேரக்டரே கிடையாது, அவர் டயலாக்கை எல்லாம் ஒரு பொம்பளை ஓனருக்குக் குடுத்துட்டாங்க! 2024ல கிளீசே மூணு எபிசோடை சேத்து லண்டன்ல மேடை நாடகமா போட்டார், அது நல்லாவே ஓடுச்சு.

கே: நான் இதுவரைக்கும் பாத்ததே இல்ல. எதுல ஆரம்பிக்கலாம்? (கும்பகோணம்)

ப: வரிசையா எல்லாம் பாக்க வேணாம், ரெண்டாவது சீசன் முதல் எபிசோட் போடுங்க, மிசஸ் ரிச்சர்ட்ஸ்னு காது கேக்காத கெழவியம்மா வர்றது. பேட்டரி தீந்துடும்னு காது மெஷினை ஆஃப் பண்ணியே வெச்சிருப்பாங்க, ரூம் ஜன்னல்லருந்து வியூ சரியில்லன்னு சண்டைக்கு நிப்பாங்க, டார்கீ ஹோட்டல் ஜன்னல்ல டார்கீ தெரியாம சிட்னி ஆபரா ஹவுஸா தெரியும்னு பேசில் எகிறுவார். ஒரு இடத்துல பேசில் சத்தமே வராம வாயை மட்டும் அசைப்பார், அந்தம்மா மெஷின்ல கோளாறுன்னு நெனச்சு சவுண்டை ஏத்திட்டே போவாங்க, முழுசா ஏத்தி முடிக்கிற வரைக்கும் பொறுமையா காத்திருந்துட்டு அப்புறம் ஒரு கத்து கத்துவார் பாருங்க. காபி டம்ளரைக் கீழ வெச்சுட்டு பாருங்க, மூக்குல ஏறும்.