மழையில் பிரேக் மிதித்ததும் பெடல் நடுங்கியது: பிரேக் பழுதா?

கேள்வி: ஆறு மாதமாகத்தான் கொழும்பில் கார் ஓட்டுகிறேன். போன கிழமை மழைக்குள் தெஹிவளையில் அவசரமாகப் பிரேக் மிதித்தபோது பெடல் கடகடவென்று நடுங்கியது. பயத்தில் காலை எடுத்துவிட்டேன். முன்னால் நின்ற ஓட்டோவில் மோதாமல் அருந்தப்பில் தப்பினேன். பிரேக் பழுதா? அடுத்த மாதம் மாமாவின் கெப்பில் சின்ன ட்ரெய்லர் ஒன்றைக் கொழுவிக்கொண்டு மட்டக்களப்புக்குச் சாமான் கொண்டுபோக வேண்டும். என்ன கவனிக்க வேண்டும்?

பதில்:

பழுதில்லை. உங்கள் காரின் ஏபிஎஸ், அதாவது சில்லு பூட்டாமல் பார்த்துக்கொள்கிற பிரேக் அமைப்பு, வேலை செய்திருக்கிறது, அவ்வளவுதான். அது தன் வேலையைச் செய்துகொண்டிருந்தபோது நீங்கள் காலை எடுத்தீர்களே, அதுதான் பிழை. கோபிக்க வேண்டாம். பிரேக்கில் பிழைவிட்டு நட்டஈடு கட்டியவன் நான், அந்தச் சூட்டில்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் இஞ்சினியர் இல்லை, ரேஸ் ஓடியவனும் இல்லை. கொட்டாஞ்சேனையில் ஜெனரேற்றரும் ஸ்பீக்கரும் வாடகைக்கு விடுகிறேன். இருபத்தைந்து வருஷமாகக் கல்யாண மண்டபம், கோயில் திருவிழா என்று பாரத்தை ஏற்றியும் இழுத்தும் ஓடிய பழக்கம்தான். படித்தவர்கள் யாராவது வந்து திருத்தினால் கேட்டுக்கொள்வேன். ஆனால் ஒரு தொன் ட்ரெய்லரோடு மழைக்குள் ஒரு பாலத்திலிருந்து இறங்கிப் பார்த்துவிட்டு வந்து திருத்தினால் இன்னும் நல்லது.

2010 ஐப்பசியில் நடந்தது. அப்போது என்னிடம் இருந்தது பழைய டொல்பின் வான், ஏபிஎஸ் கிடையாது. வெள்ளவத்தை மண்டபம் ஒன்றில் சாமானை இறக்கிவிட்டு மரைன் டிரைவ் வழியாகப் பம்பலப்பிட்டிப் பக்கம் வருகிறேன். மழை பிடித்துப் பத்து நிமிஷம்கூட இல்லை. வேகம் 50ஐத் தாண்டவில்லை. வலப்பக்க ஒழுங்கையிலிருந்து ஒரு பொடியன் சைக்கிளோடு குறுக்கே வந்தான். இருந்த பலத்தையெல்லாம் சேர்த்துப் பிரேக்கை மிதித்தேன். நாலு சில்லும் பூட்டிக்கொண்டன. பொடியன் போய்விட்டான், வான் நிற்கவில்லை. வீதியின் ஓரச் சரிவோடு இடப்பக்கமாக வழுக்கிக்கொண்டு போகிறது. ஸ்டியரிங்கை வலப்பக்கம் முழுசாக வெட்டிப் பிடித்திருக்கிறேன், ஆனால் வானுக்கு அது தெரியவே இல்லை. பிரேக்கிலிருந்து காலை ஒரு கணம் தளர்த்தியிருந்தால் சில்லு உருண்டிருக்கும், திரும்பியிருக்கும். தளர்த்தத் தோன்றவில்லை. நேரே போய்த் தம்பிலி (செவ்விளநீர்) வண்டியில் இடித்தேன்.

ஆளுக்கு ஒன்றும் இல்லை, அவர் மழைக்கு ஒதுங்கி எதிர்ப்பக்கக் கடை வாசலில் நின்றார். காய்கள்தான் ஒவ்வொன்றாக உருண்டு ரயில் பாதைப் பக்கம் போயின. நானும் அவரும் நனைந்துகொண்டே பொறுக்கினோம். வண்டிக்கும் காய்க்கும் அன்றைய வாடகைக் காசு முழுவதும் போனது. பிறகு பழகிவிட்டோம். அங்கே நிறுத்தி வாங்கிக் குடிப்பேன். என் வாகனத்தைக் கண்டால் வண்டியை ஓரடி உள்ளே தள்ளி வைத்துவிட்டுத்தான் கத்தியை எடுப்பார்.

அடுத்த நாள் கராஜில் விட்டு, "பிரேக் பிடிக்கவில்லை, பாருங்கள்" என்றேன். பாஸ் நாலு சில்லையும் கழற்றிப் பார்த்தார். பிரேக் நன்றாகத்தான் பிடித்திருக்கிறது, பிரச்சினையே அதுதான் என்று சிங்களத்தில் சொல்லிச் சிரித்தார். அப்புறம் என் கையைப் பிடித்து இழுத்து, பெருவிரலை டயரின் காடிக்குள் வைத்து அழுத்தினார். நகம்கூட இறங்கவில்லை. அந்தக் காடிகளின் அடியில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், உயரம் 1.6 மில்லிமீற்றர். டயர் தேய்ந்து அந்த மேட்டோடு சமமானால் அதன் கதை முடிந்தது. காடி இல்லாவிட்டால் தண்ணீர் வெளியே போக வழியில்லை, டயர் தண்ணீருக்கு மேலே ஏறிக்கொள்ளும். என் டயர் சமமாகி எத்தனை மாதமோ. நீங்களும் இன்றைக்கே குனிந்து பாருங்கள்.

பூட்டிய சில்லு வழுக்கும், உருளுகிற சில்லுதான் திரும்பும். ஏபிஎஸ் செய்வது இவ்வளவுதான்: சில்லு பூட்டப் பார்க்கிற நேரத்தில் பிரேக்கை விட்டுப் பிடித்து, விட்டுப் பிடித்து, ஒரு செக்கனுக்குள் பல தடவை. மனிதக் காலால் ஆகாத வேகம். 1978இல் பொஷ் கம்பெனி மெர்சிடிஸ் பென்ஸ் கார்களில் கொண்டுவந்த வேலை, இன்றைக்கு உங்கள் சின்னக் காரிலும் இருக்கிறது. பெடல் நடுங்குவது அதனால்தான். நடுங்க நடுங்க அழுத்திப் பிடித்துக்கொண்டே, இடம் இருக்கிற பக்கம் ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். ஏபிஎஸ் இல்லாத பழைய வாகனம் என்றால் பூட்டுகிற மாதிரித் தெரிந்ததும் கொஞ்சம் தளர்த்தி, மறுபடி அழுத்த வேண்டும்.

காரின் பின்பக்கம் வழுக்கி ஒரு பக்கமாக வாரினால் கதை வேறு. பாரம் ஏற்றாத டொல்பின் ஓட்டியவர்களுக்குத் தெரியும். அங்கே பிரேக்கைத் தொடக் கூடாது. காலை எடுத்து, வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கை மெதுவாகக் கொடுத்து, போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். மதிலைப் பார்த்தால் மதிலுக்குத்தான் போவீர்கள்.

இதையெல்லாம் எனக்கு யார் சொல்லித் தந்தார்கள்? லைசென்ஸ் எடுக்கப் போன இடத்தில் (பெயர் வேண்டாம்) கம்புகளுக்கு நடுவே ரிவர்ஸ் விடச் சொல்லித் தந்தார்கள், கையைக் காட்டச் சொல்லித் தந்தார்கள். ஒரு நாள்கூட "முழுசாகப் பிரேக் மிதித்துப் பாரும் தம்பி" என்று சொல்லவில்லை. என் மகன் பழகினபோதும் அதே கதைதான். கடைசியில் தெரிந்தவர் ஒருவரின் களஞ்சிய வளவில், அனுமதி கேட்டு, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை நானே கூட்டிப்போனேன். இரண்டு வாளியை வைத்து, 40இல் வந்து வாளி தெரிந்ததும் மிதி என்றேன். முதல் தடவை உங்களைப் போலவே பெடல் நடுங்கியதும் காலை எடுத்துவிட்டான். இரண்டாம் தடவையும். நாலாவது தடவைதான் கால் அங்கேயே நின்றது. நீங்களும் ஆளில்லாத இடமாகப் பார்த்து, பின்னால் யாரும் வராத நேரத்தில் இதைச் செய்து பாருங்கள். எத்தனை பதில் வாசித்தாலும் கால் பழகாது.

தூரத்தையும் சொல்லிவிடுகிறேன். 60இல் போனால் ஒரு செக்கனுக்கு கிட்டத்தட்ட 17 மீற்றர் போகிறீர்கள். முன்னால் நடப்பதைக் கண்டு கால் பிரேக்குக்கு வருவதற்கே ஒரு செக்கன் போய்விடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கிற தூரம் நாலு மடங்கு, ஈர வீதியில் அந்தத் தூரம் இன்னும் நீளும். மழையில் முன் வாகனம் ஒரு லைட் கம்பத்தைத் தாண்டியதும் நான் "ஓம் முருகா" என்று நிதானமாக நாலு தடவை சொல்வேன். அதற்கு முன் நானும் அந்தக் கம்பத்தை எட்டிவிட்டால் கிட்டப் போய்விட்டேன் என்று அர்த்தம். வாகனம் நெருக்கியடிக்கிற கொழும்புக் காலி வீதியில் இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நடக்காதுதான். இடைவெளி விட்டால் ஓட்டோக்காரர் அதை வாடகைக்கு எடுத்துவிடுவார். எடுக்கட்டும், இன்னும் கொஞ்சம் பின்னுக்கு நில்லுங்கள். வெயில் காலத்துக்குப் பிறகு வருகிற முதல் மழையில், அதுவும் பஸ் தரிப்பிடங்களுக்குப் பக்கத்தில், வீதியில் ஊறிக்கிடந்த எண்ணெயெல்லாம் மேலே வரும். அந்த முதல் பத்து நிமிஷம்தான் பொல்லாதது.

இனி ட்ரெய்லர். இங்கே எல்லாம் தலைகீழ். ஏபிஎஸ்ஸில் எடுக்கக் கூடாத காலை, ட்ரெய்லர் ஆடினால் வைக்கக் கூடாது.

முன்னேஸ்வரம் திருவிழாவுக்கு ஜெனரேற்றர் கொண்டுபோனோம். டபுள் கெப், பின்னால் ட்ரெய்லரும் பாரமும் சேர்த்து ஒரு தொன்னுக்கு மேலே. ட்ரெய்லருக்குத் தனிப் பிரேக் இல்லை. பொடியன்கள் இறக்கச் சுகமாக இருக்கட்டும் என்று வயர்ச் சுருளையும் இரண்டு டீசல் கானையும் ட்ரெய்லரின் கடைசியில், கதவோரமாக வைத்துவிட்டார்கள். புறப்படும்போது கெப்பின் பின்பக்கம் வழக்கத்தைவிட நிமிர்ந்து நின்றது. கண்டேன், ஏன் என்று யோசிக்கவில்லை. நீர்கொழும்பு தாண்டி, மாரவில தாண்டி நேர் வீதி. 75 இருக்கும். சிலாபம் பஸ் ஒன்று உரசுகிற மாதிரி முந்திப்போனது. அந்தக் காற்றில் ட்ரெய்லர் ஒரு தடவை அசைந்தது. கண்ணாடியில் பார்க்கிறேன், இடப்பக்கக் கண்ணாடியில் ஜெனரேற்றர் முழுசாகத் தெரிகிறது. அடுத்த கணம் வலப்பக்கக் கண்ணாடியில். கெப்பின் வாலையும் சேர்த்து ஆட்டுகிறது. நான் செய்தது என்ன? பிரேக்கை மிதித்தேன். கெப் குறைகிறது, பின்னால் ஒரு தொன் தள்ளிக்கொண்டு வருகிறது. ஆட்டம் இரண்டு மடங்கு.

பக்கத்தில் இருந்தவர் ஹட்டன்காரர், எங்களிடம் வேலைக்கு வருமுன் மலையில் கொழுந்து லொறி ஓட்டியவர். "மொதலாளி, கால எடுங்க! ஸ்டியரிங்க நேரா புடிச்சிக்கிட்டு சும்மா இருங்க!" என்று கத்தினார். சும்மா இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரேக்கும் இல்லை, அக்ஸிலேட்டரும் இல்லை, எதிர் வெட்டும் இல்லை. ஏழெட்டு தடவை ஆடிவிட்டு அடங்கியது. ஒரு தென்னந்தோப்போரமாக நிறுத்தினோம். அவர் இறங்கிப் போய், ஒரு வார்த்தை பேசாமல் டீசல் கானைத் தூக்கி முன்னுக்கு வைத்தார். பின்னால் கூடின பாரம்தான் ட்ரெய்லரை ஆட வைத்தது.

அப்படி ஆடினால் வேகத்தைக் கூட்டு, நேராகிவிடும் என்று ஒரு கூட்டம் சொல்லும். எப்போதாவது நேராகியிருக்கலாம். ஆனால் அடுத்த ஆட்டத்தை இன்னும் கூடின வேகத்தில் சந்திப்பீர்கள். நான் செய்யமாட்டேன்.

ஆகவே மாமாவின் ட்ரெய்லரில் பாரமானதை அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், கீழே வைத்து அசையாமல் கட்டுங்கள். கொழுவுகிற மூக்கில் ட்ரெய்லரும் சாமானும் சேர்ந்த மொத்த நிறையின் பத்தில் ஒரு பங்கு அளவில் அழுத்த வேண்டும். 400 கிலோ என்றால் மூக்கில் 40 கிலோ. வீட்டில் ஆள் நிறை பார்க்கிற தராசை வைத்து, மேலே ஒரு மரக்கட்டை நிறுத்தி, மூக்கை அதில் இறக்கினால் கணக்குத் தெரியும். இரண்டு சங்கிலியையும் மூக்கின் கீழே குறுக்காகப் போடுங்கள், கழன்றாலும் மூக்கு வீதியில் குத்தாது. கெப் எவ்வளவு இழுக்கலாம் என்று அதன் புத்தகத்தில் இருக்கும், மாமாவின் வாயில் இருப்பதை நம்ப வேண்டாம்.

மாமா என்றதும் ஒன்று ஞாபகம் வருகிறது. 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு இருந்த காலத்தில் நடுச்சாமத்தில் ஃபோன் எடுத்து "தம்பி, எப்படியாவது ஜெனரேற்றர்" என்று கெஞ்சியவர்கள் எங்கள் சொந்தத்திலேயே எத்தனை பேர். டீசலுக்கு வரிசையில் விடிய விடிய நின்று கொடுத்தேன். அதில் ஒரு கல்யாண வீட்டுக்காரர் இன்னும் மிச்சக் காசு தரவில்லை. அந்தப் பிள்ளைக்கு இப்போது பிள்ளையும் பிறந்துவிட்டது. சரி, அதை விடுவோம்.

வழியைச் சொல்கிறேன். ட்ரெய்லரோடு கண்டி, மஹியங்கனைப் பக்கம் போய் 18 வளைவு என்கிற அந்த மலை இறக்கத்தில் இறங்க நினைக்காதீர்கள். குருநாகல், தம்புள்ளை, ஹபரணை, பொலன்னறுவை என்று போங்கள், தூரத்தைப் பார்க்க வேண்டாம். எங்கே இறக்கம் வந்தாலும் இறங்கத் தொடங்குமுன்பே கியரைக் குறைத்துவிடுங்கள். பிரேக்கை உரசிக்கொண்டே இறங்கினால் சூடாகி, கருகின மணம் வரும், பிறகு பெடல் பஞ்சு மாதிரிப் போகும். ஹபரணையைப் பகலிலேயே தாண்டுங்கள். இரவில் அங்கே யானை வீதிக்கு வரும், பின்னால் பாரத்தோடு அதற்குப் பிரேக் மிதிக்கிற நிலைமை வேண்டாம்.

ட்ரெய்லரின் லைட் வயரை மறக்காமல் கேட்டு வாங்குங்கள். எல்லாரும் ட்ரெய்லரைக் கொழுவுகிற டோ பாரைப் பார்ப்பார்கள், வயரை யாரும் பார்க்கமாட்டார்கள். கொழுவியதும் ஒருவரைப் பின்னால் நிற்கவைத்து பிரேக் லைட்டையும் சிக்னலையும் போட்டுப் பாருங்கள். ஒரு வெறும் வீதியில் 30இல் இரண்டு தடவை பிரேக் பிடித்து, பாரம் தள்ளுவது எப்படி இருக்கிறது என்று காலுக்குக் காட்டிவிட்டு அப்புறம் கொழும்பை விட்டு வெளிக்கிடுங்கள்.