காவ்லரின் உண்டியல்கள் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பினாங்கிலிருந்து எழுதுகிறேன். மகள் அடிலெய்டில் படிக்கிறாள், அடுத்த மாதம் பார்க்கப் போகிறேன். போகிற ஊரைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ளலாமே என்று படித்ததில் குழம்பிப்போனேன். தெற்கு ஆஸ்திரேலியாவின் இரண்டாவது கவர்னர் காவ்லர் ஊதாரி, மாகாணத்தைத் திவாலாக்கினார். அடுத்து வந்த ஜார்ஜ் கிரே கெட்டிக்காரர், சிக்கனம் பிடித்து நிமிர்த்தினார் என்றே பார்த்த இடத்திலெல்லாம் இருக்கிறது. கவர்னர் வைத்ததே சட்டம் என்றுதான் இதுவரை நினைத்திருந்தேன். அவ்வளவு அதிகாரம் உள்ளவர் எப்படிக் கடனாளி ஆவார்? அப்புறம், அங்கே இந்தக் கதை சம்பந்தமாகப் பார்க்க ஏதாவது இருக்கிறதா?

அன்புடன்,
க.

அன்புள்ள க.,

கடைசிக் கேள்விக்குப் பிறகு வருகிறேன். கடனாளி ஆன கதைதான் ருசியானது.

அந்த மாகாணத்தைத் தொடங்கியதே ஒரு கணக்கை நம்பித்தான். கைதிகளை அனுப்பக்கூடாது, இலவசமாக நிலம் கொடுக்கக்கூடாது. நிலத்துக்கு நல்ல விலை வைத்து விற்று, அந்தப் பணத்தில் இங்கிலாந்திலிருந்து கூலியாட்களைக் கப்பலேற்றி அழைத்துவருவது. விலை அதிகம் என்பதால் வந்த கூலி உடனே நிலம் வாங்கிப் பண்ணைக்காரன் ஆகிவிட முடியாது, சில வருஷமாவது முதலாளியிடம் வேலை செய்தாக வேண்டும். வேக்ஃபீல்டு என்பவரின் யோசனை இது. 1834-இல் பார்லிமெண்ட் சட்டம் போட்டபோதே கறாராகச் சொல்லிவிட்டது: 35,000 பவுண்டுக்கு நிலம் விற்றுக் காட்டு, 20,000 பவுண்டு ஜாமீன் கட்டு, அதன் பிறகு குடியேறு, பிரிட்டிஷ் கஜானாவுக்கு ஒரு காசு செலவு வைக்காதே. நிலம் விற்ற பணம் ஆள் கொண்டுவர மட்டும்தான். சரி, போலீஸ், நீதிபதி, சர்வேயர், ஆஸ்பத்திரி இதற்கெல்லாம்? கடன் வாங்கிக்கொள்ளலாம், சுங்க வரி போட்டுக்கொள்ளலாம். எல்லாம் காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

அதிகாரத்தையும் இரண்டாக வெட்டி வைத்தார்கள். முதல் கவர்னர் ஹிண்ட்மார்ஷ் பிரிட்டிஷ் அரசின் காலனி அமைச்சகத்து ஆள். நிலமும் அதன் பணமும், நிலம் விற்கவென்று லண்டனில் நியமித்த குடியேற்ற ஆணையர்களின் பிரதிநிதி ஃபிஷரிடம். 1836 டிசம்பர் 28-இல் ஹிண்ட்மார்ஷ் கரையிறங்கிப் பிரகடனம் வாசித்தார், அதிலிருந்தே சண்டை. ஊர் எங்கே அமைய வேண்டும் என்பதில் தொடங்கியது. இடத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமை சர்வேயர் ஜெனரல் கர்னல் வில்லியம் லைட்டுக்கு. கவர்னருக்கோ ஊர் துறைமுகத்தை ஒட்டி இருக்க வேண்டும். லைட் அசையவில்லை. (உங்கள் ஊர் லைட்டின் மகன்தான் இவர். பினாங்கை நிறுவிய பிரான்சிஸ் லைட்டின் பிள்ளை.) கவர்னரின் மாளிகையைக் கேட்டால் சிரிப்பீர்கள். மண் சுவரும் புல் கூரையுமான ஒரு குடிசை. கட்டியவர்கள் கப்பல் மாலுமிகள், புகைபோக்கி வைக்க மறந்துவிட்டார்கள் என்பது அந்த ஊரில் இன்றும் சொல்லும் கதை. வைத்ததே சட்டம் என்றீர்களே, இதுதான் அந்தச் சட்டத்தின் வீடு!

ஹிண்ட்மார்ஷைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். 1838 அக்டோபரில் வந்த ஜார்ஜ் காவ்லரிடம் இரண்டு பதவியையும் சேர்த்தே கொடுத்தார்கள். வாட்டர்லூவில் சண்டை போட்டவர், பக்திமான். வந்து பார்த்தால் நகர மனைகள் 1,042 ஏக்கரும் அளந்து விற்றாகிவிட்டது, கைமாறிக் கைமாறி விலை ஏறிக்கொண்டிருக்கிறது. ஆனால் பயிர் வைக்க வேண்டிய கிராமப்புற நிலம் பெரும்பகுதி அளக்கப்படவே இல்லை. போதிய ஆள் கொடுக்காமல் அவசரமாக அளக்கச் சொன்னதில் வெறுத்துப்போய் லைட்டும் அவரிடம் வேலை செய்தவர்களில் பெரும்பாலோரும் சில மாதம் முன்புதான் ராஜினாமா செய்திருந்தார்கள். கப்பல்களோ வந்துகொண்டே இருக்கின்றன. நிலத்துக்குப் பணம் கட்டியவன் நிலம் எங்கே என்கிறான், கூலிக்கு வந்தவன் வேலை எங்கே என்கிறான், மாவு மூட்டைகூட வெளியூரிலிருந்து கப்பலில்தான் வர வேண்டும்.

லண்டனுக்கு எழுதிக் கேட்கலாம்தான். கடிதம் போக நாலு மாதத்துக்கு மேல், பதில் வர அதே அளவு. அதற்குள் இன்னும் எத்தனை கப்பல்! காவ்லர் காத்திருக்கவில்லை. சர்வேயர்களையும் போலீஸையும் பெருக்கினார், சாலை, துறைமுகம், மருத்துவமனை, ஒரு பெரிய சிறைச்சாலை, கல்லால் ஒரு கவர்னர் மாளிகை என்று வேலைகளைத் தொடங்கி வந்தவர்களுக்கு அதில் கூலி கொடுத்தார். பணத்துக்கு உண்டியல் எழுதினார். உண்டியல் என்றால் கோயில் உண்டியல் இல்லை, உங்கள் பினாங்கு வீதியில் செட்டியார் கிட்டங்கிகளில் எழுதிய அதே ரக உண்டியல். உள்ளூர் வியாபாரியிடம் சரக்கை வாங்கிக்கொண்டு, ‘இதைக் கொண்டுவருபவருக்கு லண்டனில் ஆணையர்கள் இவ்வளவு பவுண்டு கொடுக்கவும்’ என்று சீட்டு. வியாபாரி அதை இன்னொருவருக்கு மாற்றிவிடுவார், சீட்டு கப்பலேறும். அதாவது 1840 இறுதியில் சுமார் 15,000 பேர் இருந்த ஒரு மாகாணமே, லண்டனில் அந்தச் சீட்டு செல்லுமா செல்லாதா என்று தெரியாத இடைப்பட்ட மாதங்களில்தான் வாழ்ந்துகொண்டிருந்தது.

1840-இல் ஆணையர்கள் கையில் பணம் தீர்ந்து, உண்டியல்கள் பணம் கொடுக்கப்படாமல் திரும்பின. அந்தச் செய்தி 1841 தொடக்கத்தில்தான் அடிலெய்டுக்கு வந்தது. அதுவரை காவ்லர் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்! மே மாதம் 29 வயது கேப்டன் ஜார்ஜ் கிரே வந்து இறங்கினார், காவ்லரைத் திரும்ப அழைக்கும் உத்தரவைத் தன் கையோடு கொண்டுவந்து. முந்தைய வருஷம்தான் இங்கிலாந்து போகிற வழியில் இதே அடிலெய்டில் காவ்லரைச் சந்தித்துவிட்டுப் போனவர்.

கிரே கெட்டிக்காரர்தான், மறுக்கவில்லை. கட்டிட வேலைகளை நிறுத்தினார், அரசு கொடுக்கும் கூலியைக் குறைத்தார், ஆட்களை நகரத்திலிருந்து பண்ணைகளுக்கு விரட்டினார், கூட்டம் போட்டுத் திட்டினார்கள், கண்டுகொள்ளவில்லை. ஆனால் அவர்கள் போய் உழுத நிலம் யார் அளந்து வைத்தது? காவ்லரின் சர்வேயர்கள். கடனை யார் அடைத்தது? பார்லிமெண்ட் கொடுத்த 155,000 பவுண்டு. கடன் என்று கொடுத்து, கடைசியில் திருப்ப வேண்டாம் என்று விட்டுவிட்டார்கள். 1842-இல் கபுண்டாவில் தாமிரம் கிடைத்தது, 1845-இல் பர்ராவில் அதைவிடப் பெரிதாக. சிக்கனக் கவர்னர் எழுதிய உண்டியல்களும் சிலது லண்டனில் திரும்பியதுண்டு. வேலையில்லாதவர்களுக்குச் சோறு போட அவரும் சீட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. காவ்லர் விதைத்தார், கிரே அறுத்தார் என்பதுதான் என் கட்சி. காவ்லர் கொஞ்சம் தாராளமாகவே விதைத்தார் என்று வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இரண்டு பேரையும் வைத்துப் பட்டிமன்றம் நடத்துகிறவர்கள் விட்டுவிடுகிற ஒன்று உண்டு. அந்த நிலம் விற்கிறவர்களுடையதா? 1836-இல் அரசர் கொடுத்த சாசனத்திலேயே, பூர்வகுடிகள் உண்மையில் குடியிருந்து அனுபவிக்கும் நிலத்தின் மீதான உரிமை பாதிக்கப்படக்கூடாது என்று இருக்கிறது. 1840 ஜூலையில் காவ்லர் நிலம் வாங்கியவர்களுக்கு முன்பாகவே பூர்வகுடிகளுக்குச் சில துண்டுகளை ஒதுக்கினார்; வாங்கியவர்கள் சத்தம் போட்டபோது, முதல் உரிமை பூர்வகுடிகளுடையதுதான் என்று அவர் தரப்பில் பதிலும் போனது. அடுத்த மாதமே அதே காவ்லர் என்ன செய்தார்? மரியா என்ற கப்பல் உடைந்து, கூராங் கடற்கரையோரம் நடந்துபோன சுமார் 25 பேர் கொல்லப்பட்டிருந்தார்கள். மேஜர் ஓஹாலரனை அனுப்பினார், விசாரணை இல்லாமல் அங்கேயே பூர்வகுடிகள் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த மக்கள் பிரிட்டிஷ் சட்டத்துக்குள் வரமாட்டார்கள் என்று நீதிபதி கூப்பர் சொன்னதுதான் அதற்கு ஆதாரம். நில உரிமை பேசும்போது உள்ளே, தூக்குக் கயிறு என்றால் வெளியே.

கிரே இதில் நேர் எதிர் கட்சி. பூர்வகுடிகளுக்கும் பிரிட்டிஷ் சட்டமே முழுக்கப் பொருந்த வேண்டும் என்று எழுதிக் கொடுத்தவர். அவர் பதவியேற்ற மூன்றே மாதத்தில், 1841 ஆகஸ்டில், ஆடுமாடு ஓட்டிவருகிறவர்களுக்குக் காவலாகப் போன படை ரூஃபஸ் ஆற்றருகே குறைந்தது 30 பூர்வகுடிகளைச் சுட்டுக் கொன்றது. படைக்குத் தலைமையாகப் போனவர் யார் தெரியுமா? மூர்ஹவுஸ். அவருடைய உத்தியோகப் பெயர் ‘பூர்வகுடிகளின் பாதுகாவலர்’. விசாரணை நடந்தது, யார் மேலும் தவறில்லை என்று முடிந்தது. பிறகு மரே ஆற்றங்கரையில் மூருண்டி என்ற இடத்தில் எட்வர்ட் ஐயர் (Eyre) என்ற வெள்ளைக்காரரை மாஜிஸ்ட்ரேட்டாக உட்காரவைத்தார் கிரே. ஒவ்வொரு பௌர்ணமிக்கும் அங்கே மாவு கொடுப்பார்கள், அதை வாங்க ஆற்றோரமாகத் தூரத்திலிருந்தெல்லாம் ஜனங்கள் நடந்து வருவார்கள்.

போய்ப் பார்க்க என்ன என்றீர்களே. காவ்லரின் சிறைச்சாலையைப் பாருங்கள். கோட்டை மாதிரி நாலு கோபுரம் போட்டுத் தொடங்கினார், இரண்டுதான் முடிந்தது. அப்புறம் மாண்டிஃபியோர் குன்றுக்குப் போனால் வில்லியம் லைட்டின் சிலை நகரத்தை நோக்கிக் கைநீட்டி நிற்கும். கிளம்புமுன் உங்கள் ஊர் கார்ன்வாலிஸ் கோட்டையில் அப்பா லைட்டின் சிலையை ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாவின் படம் எதுவும் கிடைக்காமல் மகனின் முகத்தை வைத்துத்தான் அதைச் செய்தார்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்து, ஜாடை எப்படி என்று எழுதுங்கள்.