பாகவதரை ஜனங்கள் கைவிட்டார்களா? கேள்வி பதில்

கேள்வி: பத்திரிகைக்காரர் லட்சுமிகாந்தனின் கொலை வழக்கில் மாட்டியதால்தானே பாடி நடித்த எம்.கே.தியாகராஜ பாகவதரின் சினிமா மவுசு போனது?

பதில்: எல்லாரும் அப்படித்தான் சொல்கிறார்கள், எனக்கு அதில் உடன்பாடில்லை. 'ஹரிதாஸ்' வந்தது 1944 தீபாவளிக்கு, வருஷக் கடைசியில் கைது, 1945 மே மாதம் ஆயுள் தண்டனை. படமோ சென்னை பிராட்வே தியேட்டரில் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. மூன்று தீபாவளி கண்ட படம் என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோமே, அதில் இரண்டு தீபாவளிக்கு ஆள் சிறையில். வெறுத்துப்போன ஜனங்களா காசு கொடுத்து அதில் வரும் 'மன்மத லீலையை' பாட்டைக் கேட்டிருப்பார்கள்?

கேள்வி: தண்டனை முடிந்து வந்தாரா, விடுதலையா?

பதில்: விடுதலைதான். உயர் நீதிமன்றத்தில் அப்பீல் தோற்று, அன்றைய கடைசி அப்பீல் கோர்ட்டான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், மறுபடி சென்னையில் விசாரித்து, 1947 ஏப்ரலில் வெளியே வந்தார்.

கேள்வி: அப்புறம் ஏன் படம் ஓடவில்லை?

பதில்: அவர் உள்ளே இருந்த நேரத்தில் சினிமா மாறிவிட்டது. 1934-இல் 'பவளக்கொடி' வந்தபோது பாட்டுக்கு நடுவே கொஞ்சம் கதை இருந்தால் போதும். 1948-இல் 'ராஜமுக்தி'யோடு திரும்பி வருகிறார், அதே வருஷம் தயாரிப்பாளர் வாசன் 'சந்திரலேகா'வில் முரசு மேல் ஆட்களை ஆடவிட்டு அசத்துகிறார். 1952-இல் 'அமரகவி', அதே வருஷம் 'பராசக்தி'! கோர்ட் சீன் வசனத்தை ஊரே மனப்பாடம் செய்து ஒப்பித்த காலத்தில் கண்ணை மூடி ராகம் இழுத்தால் யார் உட்காருவார்கள், சொல்லுங்கள்.

கேள்வி: நகைச்சுவை நடிகர் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணனும் அதே வழக்கில் உள்ளே இருந்தவர்தானே?

பதில்: சரியான இடத்தில் பிடித்தீர்கள். வழக்குதான் காரணம் என்றால் என்.எஸ்.கிருஷ்ணனும் காணாமல் போயிருக்க வேண்டும். அவரோ 1949-இல் அண்ணாவின் எழுத்தில் 'நல்லதம்பி' எடுத்தார், 1951-இல் 'மணமகள்' படத்தை இயக்கினார். பேச்சுதான் அவர் சரக்கு, வந்த காலமும் பேச்சின் காலம். பாகவதரிடம் இருந்தது குரல். அது கடைசிவரை குறையவில்லை, கச்சேரி பாடிக்கொண்டுதான் இருந்தார்.

கேள்வி: தங்கத் தட்டில் சாப்பிட்டவர் வறுமையில் செத்தார் என்கிறார்களே?

பதில்: தட்டுக் கதைக்குள் நான் போகவில்லை, ஆளுக்கு ஒரு மாதிரி சொல்வார்கள். 1959 நவம்பரில் இறந்தார், அவர் நடித்த 'சிவகாமி' அடுத்த வருஷம்தான் வெளிவந்தது.

கேள்வி: புதிதாகப் பார்ப்பவர்கள் எதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: 'ஹரிதாஸ்'. பிடித்தால் 'சிவகவி', 'அசோக்குமார்'. பாட்டு வரும்போது மட்டும் ஓட்டிவிடாதீர்கள், அப்புறம் படத்தில் ஒன்றும் மிஞ்சாது.