புகைபோக்கியும் பாரம்பரியமா?

கேள்வி: எங்கள் ஊர் நூற்பாலை மூடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. அதை இடித்துவிட்டு அடுக்குமாடி வீடுகள் கட்டலாம் என்று ஒரு சாராரும், காக்க வேண்டும் என்று மற்றொரு சாராரும் சொல்கிறார்கள். கோயிலையும் கோட்டையையும் காப்பது புரிகிறது. துருப்பிடித்த ஆலையில் காக்க என்ன இருக்கிறது?
– ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: ஜெர்மனியில் டூயிஸ்பர்க் நகரின் மைடரிச் இரும்பாலை 1985இல் மூடப்பட்டபோது, அந்த ஊராரும் இதே கேள்வியைத்தான் எதிர்கொண்டார்கள். இடிப்பதை எதிர்த்து மக்கள் திரண்டார்கள். பீட்டர் லாட்ஸ் என்ற நிலவடிவமைப்பாளரின் திட்டம் தேர்வாகி, 1994இல் ஆலை பொதுப் பூங்காவாகத் திறக்கப்பட்டது. துருவை மறைக்க அவர் முயலவில்லை என்பதே அத்திட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்தது. வாயுவைத் தேக்கிய உருளைத் தொட்டியில் தண்ணீர் நிரப்பி, சுமார் 13 மீட்டர் ஆழம் வரை முக்குளிக்கக் கற்றுத் தருகிறார்கள். தாது கொட்டி வைத்த கிடங்குகளின் கான்கிரீட் சுவர்களில் மலையேறப் பழகுகிறார்கள். வார்ப்புக்கூடத்தில் இருந்த 49 இரும்புத் தகடுகளைச் சதுக்கம் ஒன்றின் தரையாகப் பரப்பியிருக்கிறார்கள். உருகிய இரும்பு ஓடி ஓடி அரித்த தடங்கள் அவற்றின் மேல் இன்னும் தெரிகின்றன.

புதிய பயன் ஒவ்வொன்றும் கட்டடத்தின் வடிவத்திலிருந்தே பிறந்திருப்பதைக் கவனியுங்கள். முகப்புச் சுவரை மட்டும் நிறுத்திவிட்டு உள்ளே வணிக வளாகம் கட்டுவதைப் பாதுகாப்பு என்று என்னால் ஏற்க இயலாது.

பழைய நூற்பாலைகள் பலவற்றின் கூரை ரம்பப் பற்களைப் போல வரிசையாக இருக்கும். செங்குத்தான பக்கம் வடக்கு நோக்கி இருக்கும், அதில் கண்ணாடி பதித்திருப்பார்கள். நேர்வெயில் விழாமல் நாள் முழுவதும் சீரான வெளிச்சம் கிடைத்தால்தான் அறுந்த இழை கண்ணுக்குத் தெரியும், கை அதை உடனே பிணைக்கும் என்பதற்காகச் செய்த ஏற்பாடு அது. ஓவியக்கூடத்துக்கும் நூலகத்துக்கும் இதைவிடப் பொருத்தமான வெளிச்சம் ஏது?

ஆனால், கட்டடத்துக்கும் முன்பாகக் காக்க வேண்டியது, அங்கே உழைத்தவர்களின் நினைவு. நூல் நூற்கும் எந்திரமான ரிங் பிரேமில் நின்றவர்களும், ஆலைச் சங்கின் ஒலியைக் கேட்டு உலை வைத்த அவர்களுடைய வீட்டாரும் இருக்கும்போதே அவர்களின் பேச்சைப் பதிவு செய்யுங்கள். எந்த எந்திரம் எங்கே நின்றது என்று அவர்களைக் கொண்டே வரைபடம் போடுங்கள். ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் 1986இல் மூடப்பட்டு, 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்ற சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தில், பழைய தொழிலாளர்களே பார்வையாளர்களை அழைத்துச் சென்று விளக்கியிருக்கிறார்கள்.

கேள்வி: பழைய ஆலை நிலத்தில் நச்சு தங்கியிருக்காதா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தங்கியிருக்கலாம். மைடரிச்சிலேயே நச்சு மிகுந்த ஒரு பகுதியை இடிக்க வேண்டியதாயிற்று. கடுமையாக மாசுபட்ட மண்ணைப் பழைய கிடங்குகளில் இட்டு மூடினார்கள். நூற்பாலையில் எந்திர எண்ணெய் ஊறிய தரையையும், ஆஸ்பெஸ்டாஸ் தகடுகளையும் முதலில் பார்க்க வேண்டும். மண் ஆய்வின் முடிவு வரும்வரை குழந்தைகளை அங்கே விளையாட விடாதீர்கள்.